ஜக்கார்டு சரிதம்

சேர்வராயன் மலைமீதுள்ள கரடியூர் முதல் அடிவாரத்துச் சேலம் நகர் ஈறாக எவ்வில்லத்திற் புகுந்து நோக்கினும், பூவும் கொடியும் பொலியும் புடவையொன்றைக் காணலாம். மணவறையிற் கூறையாய் வந்து, நைந்தபின் குழவிக்குத் தொட்டிலாய்த் தொங்கும் அளவும் அது குடும்பத்தோடு வாழ்வது. அதன்கண் மல்லிமொக்கும் மாங்காயும் படிந்த விதத்தை உடுப்பார் பலர் நினையார். நெய்யும் நம்மவர் அறிவர். தறிமேல் அமர்ந்த ஜக்கார்டுப் பெட்டிக்குத் தம் பெயரை ஈந்தவர் வரலாற்றை நம் சிறாரும் அறிதல் வேண்டி ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஜோசப் மரீ ஜக்கார்டு என்பார் பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1752ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பட்டு நெசவாளர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். அந்நகர் பூப்பட்டிற்குப் பேர்பெற்றது. அந்நாளிற் பூவேலைத் தறிக்கு நெய்வார் ஒருவர் போதார். ஒவ்வோர் ஊடைக்கும் எழவேண்டிய பாவிழைகளைக் கயிறு பற்றித் தூக்கத் துணையாள் வேண்டும். சிறுவர் பலர் நாள் முழுதும் அவ்வேலையில் உடல் நலிந்தனர். நம் காஞ்சிபுரத்து அடைத்தறிக்கும் அத்தகைய துணை வேண்டியிருந்தது.

ஜக்கார்டின் நடுவயது துயரம் மிக்கது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793இல், தம் நகரைக் காக்கப் போர்புரிந்தார். பின்னர் ஒரே மகனையும் போரில் இழந்தார். அத்துயரினூடும் தறியைச் சீர்திருத்தும் எண்ணத்தை விட்டாரில்லை. 1801இல் பாரிசுக் கண்காட்சியில் அவர்தம் கருவி வெண்கலப் பதக்கம் பெற்றது. பூஷோன், பால்கன், வோகான்சோன் என்னும் முன்னோர் தொடங்கிய முயற்சிகளைத் திருத்தி ஒன்றாக்கி, 1804இல் தம் பொறியை நிறைவு செய்தார்.

அதன் நுட்பம் எளிது. ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. துளையுள்ள இடத்தில் ஊசி நுழைய, அதனைச் சார்ந்த கொக்கி பாவிழையைத் தூக்கும். துளையில்லாவிடத்து இழை தாழ்ந்தே நிற்கும். அட்டைகளைச் சங்கிலியாய்க் கோத்துச் சுழற்றின், அப்பூ மீண்டும் மீண்டும் மலரும். ஒருவரே தனித்து நெய்யலாம்.

1806இல் அரசாங்கம் இப்பொறியைப் பொதுவுடைமையாக்கி, அவர்க்கு ஆண்டொன்றுக்கு 3,000 பிராங்கு உபகாரச் சம்பளம் வழங்கிற்று. ஆயின் லியோன் நெசவாளரோ தம் பிழைப்பு அழியுமென்று அஞ்சி அவரைப் பகைத்தனர். அவ்வச்சம் பொய்யன்று, கயிறு தூக்கினார்க்கு வேலை போயிற்று. எனினும் 1812இல் பிரான்சில் ஏறக்குறைய 11,000 ஜக்கார்டுத் தறிகள் இயங்கின. 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் காலமானார். பகைத்த அந்நகரமே 1840இல் அவர்க்குச் சிலை எடுத்தது.

துளையட்டையின் கருத்து பின்னர் ஆங்கில அறிஞர் பாபேஜின் கணக்குப்பொறித் திட்டத்திலும் புகுந்து, கணினிக்கு வழிகாட்டிற்று. இன்று அக்கணினியே தறிக்குப் பூ வரையத் துணைபுரிகின்றது.

அன்பர்காள்! அட்டை பூவை அறியாது. வரைந்தவர் கருத்தையே அது தூக்கிக் காட்டும். பொறி மாறுந்தோறும் கூலியாள் வேலையிழப்பர். பூவை வரையவல்லாரோ நிலைப்பர். பிறர் தந்த அட்டையை ஏற்றி நெய்தலோடு நில்லாது, நம் ஆண்மக்களும் பெண்மக்களும் சித்திரமும் கணினியும் கற்று, தம் இல்லத்துப் பூக்களைத் தாமே தறியில் ஏற்றுவாராக. நெசவாளர் மகனாய்ப் பிறந்த அப்பெரியார்க்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்.