எச் என்றால் ஹெர்ட்ஸ்

ஹெர்ட்ஸ் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிஸிக்ஸ் லேபும் ஆசிலோஸ்கோப்பும்தான். அவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், ஜெர்மனிக்காரர். ரேடியோ அலைகளைச் சோதனையில் காட்டிவிட்டு 36 வயதிலேயே போய்ச் சேர்ந்த மேதை. நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் விமானத்தை விட்டு இறங்கினால் மஞ்சள் போர்டு ஒன்று கண்ணில் படுமே, வாடகைக் கார் ஹெர்ட்ஸ், அந்த ஜான் ஹெர்ட்ஸைப் பற்றி.

அவர் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனது ஒரு கார். 1966ஆம் ஆண்டு மாடல் ஷெல்பி ஜி.டி. 350 எச். கறுப்பு உடம்பு. பானெட்டில் ஆரம்பித்து டிக்கி வரைக்கும் தங்க நிறத்தில் இரண்டு பட்டைகள். நன்றாகப் புதுப்பித்த வண்டி என்றால் ஏலத்தில் லட்சம் டாலருக்கு மேல் போகிறது. இத்தனைக்கும் அது பிறந்ததே வாடகைக்கு விடுவதற்காகத்தான். பெயரின் கடைசியில் இருக்கும் எச் என்ற எழுத்து ஹெர்ட்ஸைக் குறிக்கும். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் அந்தக் காரைக் கண்ணால் பார்த்ததில்லை. கார் வருவதற்கு 5 வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

இயற்பெயர் ஷாண்டோர் ஹெர்ட்ஸ். 1879 ஏப்ரலில், அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் ஒரு சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று ஸ்லோவாகியாவில் இருக்கிறது. 5 வயதில் பெற்றோருடன் கப்பலேறி சிகாகோ வந்து சேர்ந்தார். வீட்டில் வறுமை, அப்பாவோடு ஒத்துப்போகவில்லை. சின்னப் பையனாகவே பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டையும் விட்டு ஓடினார். தெருவில் பேப்பர் விற்றார், வண்டி ஓட்டினார். குத்துச்சண்டை கற்றுக்கொண்டு, வேறொரு ஐரிஷ் பெயரை வைத்துக்கொண்டு மேடை ஏறினார். அப்புறம் ஒரு பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதினார். இதில் எதுவும் நிலைக்கவில்லை. 1903இல் ஃபேனியைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் கார் விற்கும் வேலைக்குப் போனார். அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது.

புதுக் கார் வாங்க வருகிறவர்கள் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுவது வழக்கம். அப்படி வந்த பழைய வண்டிகள் ஷோரூமின் பின்பக்கம் குவிந்து கிடந்தன. வாங்க ஆள் இல்லை. முதலாளிகளுக்கு அது தலைவலி. ஹெர்ட்ஸ் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். விற்காத வண்டியைத் துடைத்து, சரி செய்து, டாக்ஸியாக ஓட்டினால் என்ன? வால்டன் ஷா என்ற கூட்டாளியோடு சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். அந்தக் காலத்து டாக்ஸி பணக்காரன் ஏறுகிற வண்டி. ஹெர்ட்ஸ் கட்டணத்தைக் குறைத்து, ஆபீஸ் குமாஸ்தாவும் மழை நாளில் ஏறலாம் என்று ஆக்கினார். 1915இல் எல்லோ கேப் கம்பெனி பிறந்தது. தூரத்திலிருந்து எந்த நிறம் முதலில் கண்ணில் படும் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யச் சொல்லி, மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, டாக்ஸி என்றால் மஞ்சள் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் சினிமாக்காரர்கள் நியூயார்க் போனால் தவறாமல் படம் பிடிக்கிற மஞ்சள் டாக்ஸியிலும் இவர் கை இருக்கிறது.

இனி வாடகைக் கார் விஷயம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த யோசனை இவருடையது அல்ல. 1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற 22 வயது இளைஞர் ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்களை வைத்துக்கொண்டு, ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். ரிப்பேரும் அவரே, பெயிண்ட் அடிப்பதும் அவரே. தொழில் மளமளவென்று வளர்ந்தது. 1923இல் ஹெர்ட்ஸ் அதை வாங்கித் தன் பெயரை வைத்தார். ஆனால் ஜேக்கப்ஸை வெளியே அனுப்பவில்லை, நிர்வாகத்தை அவரிடமே விட்டார். ஜேக்கப்ஸ் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். உழைப்பு ஒருவருடையது, போர்டில் பெயர் இன்னொருவருடையது. எனக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான். வாங்கியவருக்கு மதிப்புத் தெரிந்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

அவரை உத்தமர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1920களின் சிகாகோவில் டாக்ஸி கம்பெனிகளுக்குள் நடந்தது போட்டி அல்ல, சண்டை. செக்கர் கம்பெனி டிரைவர்களும் எல்லோ டிரைவர்களும் தெருவில் மோதிக்கொண்டார்கள். துப்பாக்கி வெடித்தது, ஆள் செத்தார்கள். 1929இல் ஹெர்ட்ஸின் குதிரை லாயம் தீப்பிடித்துக் குதிரைகள் கருகின. தானாகப் பிடித்த தீ என்று பலர் நம்பவில்லை. அதன் பிறகு டாக்ஸித் தொழிலைக் கைகழுவினார். வாடகைக் கார் தொழிலை அதற்கு முன்பே, 1926இல், ஜெனரல் மோட்டார்ஸுக்கு விற்றிருந்தார். 1953இல், 74 வயதில், அதையே அவர்களிடமிருந்து திரும்ப வாங்கினார். அந்த வயதில் நாம் எல்லாம் வாக்கிங் போவதே பெரிய விஷயம்.

குதிரை என்றதும் இன்னொன்று. பந்தயத்தில் பக்கத்துக் குதிரையைக் கடிக்கப் பாய்ந்த ஒரு குதிரையைப் பார்த்து, இந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று விலை பேசினாராம் குத்துச்சண்டைக்காரர். அந்த ரெய் கவுன்ட் 1928இல் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. அதன் குட்டி கவுன்ட் ஃப்ளீட் முரட்டுக் குதிரை, விற்றுவிடலாம் என்றே நினைத்தார். ஜாக்கி ஜானி லாங்டன் வேண்டாம் என்று தடுத்தார். 1943இல் அது அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது, கடைசிப் பந்தயத்தில் 25 குதிரை நீளம் முன்னால். பழைய காரோ முரட்டுக் குதிரையோ, பிறர் கழித்துக்கட்டியதில் இவருக்கு ஒரு கண் இருந்தது.

1961 அக்டோபர் 8ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் 82 வயதில் இறந்தார்.

5 வருஷம் கழித்து கரோல் ஷெல்பி வருகிறார். டெக்ஸாஸ்காரர், கோழிப்பண்ணை வைத்து நொடித்தவர், 1959இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தவர். இதயக் கோளாறால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கார் செய்ய உட்கார்ந்தார். ஃபோர்டு மஸ்டாங்கை வாங்கி, பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றி, ஜி.டி. 350 என்று விற்றார். ஹெர்ட்ஸ் கம்பெனி அவரிடம் ஏறக்குறைய ஆயிரம் கார் வாங்கியது. ஷெல்பி 1966க்குச் செய்த ஜி.டி. 350களில் ஐந்தில் இரண்டு பங்கு அது! கறுப்பும் தங்கமும் கம்பெனியின் பழைய நிறங்கள். 289 கன அங்குல வி-8 இன்ஜின், 306 குதிரைத்திறன். நியூயார்க்கில் நாளுக்கு 17 டாலர், மைலுக்கு 17 சென்ட். 25 வயது ஆகியிருக்க வேண்டும்.

ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்த சைக்கிளை யாராவது அப்படி மிதிப்போமா? வெள்ளிக்கிழமை எடுத்த காரை ரேஸ் டிராக்கில் ஓட்டித் தள்ளிவிட்டு, பிரேக்கும் டயரும் தேய்ந்த நிலையில் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தார்கள். இன்ஜினையே கழற்றி வேறொன்றை மாட்டிக் கொடுத்தவர்கள் உண்டு, கார்ப்பெட்டுக்கு அடியில் பாதுகாப்புக் கம்பி பற்றவைத்த தழும்பு இருந்தது என்றெல்லாம் கதைகள். எத்தனை நிஜமோ.

வாடகைக் காலம் முடிந்ததும் கார்கள் ஃபோர்டுக்குத் திரும்பி, செப்பனிடப்பட்டு, பழைய காராக விலைக்கு வந்தன. ஊரில் எல்லாரும் ஓட்டி அடித்த வண்டியை யார் வாங்குவார்கள்? தங்கப் பட்டை மேல் பெயிண்ட் அடித்து, எச் தெரியாமல் மறைத்தவர்கள் உண்டு. இப்போது புதுப்பிக்கிறவர்கள் செய்வது நேர் எதிர். பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டி அடியில் கறுப்பும் தங்கமும் தெரிகிறதா என்று தேடுகிறார்கள். இன்ஜின் அறைக்குள் ஃபெண்டரில் ரிவெட் அடித்த ஷெல்பி எண் தகட்டையும், அதற்கடியில் ஃபோர்டு குத்திய எண்ணையும் ஒப்பிடுகிறார்கள். ஷெல்பி கார் சங்கத்தார் வைத்திருக்கும் பதிவேட்டில், அந்த எண் முதலில் ஹெர்ட்ஸுக்குப் போனதா என்று பார்க்கிறார்கள். சாதா வண்டியில் எச் ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் இருப்பதால் இத்தனை பாடு.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அந்த மனிதர் 1957இல் மனைவி பெயரையும் சேர்த்து ஃபேனி அண்ட் ஜான் ஹெர்ட்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கினார். பொறியியல் மாணவர்களுக்கு உதவி செய்யத்தான். 1963 முதல் அது விஞ்ஞானம், பொறியியலில் பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு ஃபெலோஷிப் கொடுத்துவருகிறது. 2006இல் பௌதிக நோபல் பெற்ற ஜான் மேதர் அந்தப் பணத்தில் படித்தவர். நாட்டுக்கு ஆபத்து வந்தால் தங்கள் திறமையைத் தருவோம் என்று வாங்குகிறவர்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்களும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களும் மட்டுமே விண்ணப்பிக்கலாம். நம் சங்கத்து உறுப்பினர்கள் பலருக்கு அங்கே பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். சொல்லி வையுங்கள்.