வெள்ளிக்காக எட்டு ஆண்டு காத்திருந்தவர்

பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்று வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதை யார், எப்படி அளந்தார்கள் என்று அவர்களே திருப்பிக் கேட்டால், பெற்றோரான நம்மில் பலருக்குப் பதில் வராது. அந்த அளவீட்டுக்காக வாழ்நாளில் பதினொன்றரை ஆண்டுகளைக் கொடுத்த ஒருவர், நாம் பஸ் ஏறிப் போய்வரும் புதுச்சேரி நகரில் தொலைநோக்கியோடு நின்றிருக்கிறார். அவர் பெயர் கியோம் லெ ஜான்தி.

1725-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர். பாரிசுக்குப் போனது கிறிஸ்தவ மார்க்கக் கல்வி கற்க. அங்கே ஒரு வானியல் பேராசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தவர், அப்படியே வான ஆய்வின் பக்கம் திரும்பிவிட்டார். மதரசாவில் ஓதிவிட்டுக் கல்லூரி வாசலும் மிதித்தவன் என்பதால், அவருடைய அந்த நாட்களை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

சூரியனிலிருந்து எந்தக் கோள் எத்தனை மடங்கு தள்ளி இருக்கிறது என்ற விகிதம் அன்றைக்கே தெரியும். ஆனால் உண்மையான தூரம் ஒன்றுகூடத் துல்லியமாகத் தெரியாது. ஒன்று கிடைத்தால் மற்றதெல்லாம் கிடைத்துவிடும். அதற்கு வழி காட்டியது வெள்ளி. அது பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, சூரிய வட்டத்தின் மேல் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்லும் நாள் மிக அரிதாக வரும். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வந்தால், அடுத்தது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, அடுத்து மறு கண்ணை மூடிப் பார்க்கட்டும். பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் மாறியதுபோல் தெரியும். கண்களுக்கு இடையிலான தூரமும் அந்த மாற்றத்தின் கோணமும் தெரிந்தால் விரலின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பூமியில் வெகுதொலைவிலுள்ள இரண்டு ஊர்கள்தான் அந்த இரண்டு கண்கள். விரல் வெள்ளி, சுவர் சூரியன். புள்ளி உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் விநாடி பிசகாமல் குறிக்க வேண்டும்.

அந்த ஊர்களில் ஒன்றாகப் புதுச்சேரி தேர்வானது. 1761 ஜூன் 6-ஆம் தேதிக்காக, 1760 மார்ச்சிலேயே லெ ஜான்தி கப்பல் ஏறினார். ஆனால் அது பிரான்சும் இங்கிலாந்தும் மோதிக்கொண்டிருந்த காலம். மொரீஷியசிலிருந்து கிளம்பிய கப்பலைக் காற்று அலைக்கழித்தது. மலபார் கரைக்கு வந்தபோதுதான் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட செய்தி தெரிந்தது. கப்பல் திரும்பியது. குறித்த நாளில் நடுக்கடலில் வானம் பளிச்சென்று இருந்தது, புள்ளியையும் பார்த்தார். பயனில்லை. அன்றைய துல்லியமான கடிகாரம் ஊசல் கடிகாரம். ஊசல் ஒரே சீராக ஆட வேண்டுமானால் அது தொங்கும் இடம் அசையாமல் இருக்க வேண்டும். ஆடும் கப்பலில் ஊசலின் கணக்கு தப்பிவிடும்.

ஊர் திரும்பாமல் 1769 வரை காத்திருப்பது என்று முடிவு செய்தார். மடகாஸ்கரின் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார், மணிலாவுக்குப் போனார். 1768 மார்ச்சில், மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்த புதுச்சேரியில் இறங்கினார். ஆளுநர் லா, இடிந்த கோட்டையின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டித் தந்தார். பழைய பகையை மறந்து சென்னை ஆங்கிலேயர்கள் ஒரு தொலைநோக்கியை இரவல் கொடுத்தார்கள்.

காத்திருந்த காலத்தில் தமிழரின் கிரகணக் கணக்கையும் கற்றார். எழுதாமல், சோழிகளை நகர்த்தியே கணக்குப் போடும் வேகம் அவரை வியக்க வைத்தது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்தக் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் பேர்போன மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூட்டிக் காட்டியது. நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய செய்தி இது.

1769 மே மாதம் முழுக்கக் காலை வானம் தெளிவாக இருந்தது. ஜூன் 3 இரவு ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்து மகிழ்ந்தார்கள். மறுநாள் விடியலில் மேகம் மூடியது. வெள்ளி சூரியனைக் கடந்து முடிந்த பிறகே மேகம் விலகியது, அப்புறம் பகல் முழுக்க வெயில். அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்ததாம். இரண்டு வாரத்துக்கும் மேல் எழுதுகோலைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை.

நோயோடும் புயலோடும் போராடி 1771 அக்டோபரில் பிரான்சு மண்ணை மிதித்தபோது, உறவினர்கள் அவரை இறந்தவர் கணக்கில் எழுதிச் சொத்தைப் பங்கிடத் தயாராக இருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடமும் போயிருந்தது. உயிரோடு வந்து நின்றவர் தன் சொத்துக்காக வழக்காட வேண்டியதாயிற்று. அதே 1771-ல், மற்ற நாடுகளில் எடுத்த அளவுகளைக் கொண்டு லலான்டு என்ற வானியலாளர் சூரியனின் தூரத்தை 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணித்தார். இன்றைய அளவு 14.96 கோடி.

கழகத்தில் பிறகு இடம் கிடைத்தது. திருமணம் செய்து ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானார். இந்தியக் கடல்களில் தான் கண்டதையெல்லாம், தமிழரின் வானியல் உட்பட, இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். 1792-ல் காலமானார்.