திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்காத விஞ்ஞானி

காஞ்சிபுரம் அருகே உள்ள புள்ளலூர் என்றதும், 1780-ல் ஆங்கிலேயப் படையை ஐதர் அலியின் படை முறியடித்த களம்தான் சரித்திரம் படித்தவர்களுக்கு நினைவுக்கு வரும். அந்த ஏரிப்பாசனப் பகுதியில் ஒரு விவசாயி இன்று வைக்கோல், இலைதழை, சாணம் என்று மாற்றி மாற்றி அடுக்கி மட்கு உரம் போட்டால், அந்த முறைக்குப் பின்னாலும் ஓர் ஆங்கிலேயர் நிற்கிறார். அவர் ஆல்பர்ட் ஹோவர்ட். நம் நாட்டு விவசாயிகளையும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்கள் என்று சொல்லிக்கொண்டவர்.

1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆய்வு செய்தார். அங்கேதான் அவருக்கு உறுத்தல் ஆரம்பித்தது. விவசாயிக்கு மருந்து சொல்கிறோம். அதைப் போட்டுப் பார்க்க நமக்கென்று ஒரு காணி நிலம்கூட இல்லையே என்பதுதான் அது.

1905-ல் பிகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது நிலம். 75 ஏக்கர் கிடைத்தது. சுற்றுவட்டார விவசாயிகளின் பயிர்களில் பூச்சியும் நோயும் குறைவாக இருப்பதைப் பார்த்தார். மருந்தே அடிக்காமல் அவர்கள் எப்படி விளைவிக்கிறார்கள் என்று கவனித்து, அதேபோல் செய்தார். மாடுகளுக்கும் அதே பாடம்தான். தரமான தீவனம் தின்று வளர்ந்த அவரது உழவு மாடுகள், கோமாரி கண்ட பக்கத்து மாடுகளோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றன. நோய் ஒட்டவில்லை. (இதைப் படித்துவிட்டு இன்று யாரும் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.)

அவர் மனைவி கேப்ரியலும் தாவர விஞ்ஞானி. பூசா கோதுமை ரகங்களை இருவரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். பேர் என்னவோ பெரும்பாலும் கணவருக்குத்தான் போனது.

திராட்சைக்கு வருவோம். 1910 முதல் சில ஆண்டுகள் கோடைக்காலத்தில் குவெட்டாவில் பழப்பயிர் ஆய்வு செய்தார்கள். அந்த வறண்ட மலைநாட்டில் விவசாயிகள் ஆழமாகப் பள்ளம் தோண்டி, அதன் ஓரத்தில் கொடி வளர்த்தார்கள். தண்ணீர் வீணாகாது, காற்றும் தாக்காது. தொழுவுரம் உண்டு, மருந்து தெளிப்பு கிடையாது. தலைமுறை தலைமுறையாக அதே ரகங்கள், ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நின்றன.

பின்னாளில் தென் பிரான்சில் பயணம் செய்தபோது அதற்கு நேர்மாறான காட்சி. ஆடுமாடு இல்லாத தோட்டங்கள், ரசாயன உரம், செம்பு மருந்து படிந்த இலைகள். நடுவே ஒரே ஒரு தோட்டம் தெளிவாக இருந்தது. விசாரித்தால், உரிமையாளர் தொழுவுரம் தவிர வேறு எதையும் போடுவதில்லையாம். அவரது ஒயினுக்கும் நல்ல பெயர். சத்துள்ள மண்ணில் வளரும் செடியை நோய் அண்டாது என்ற தன் முடிவுக்கு அந்தத் தோட்டத்தை ஹோவர்ட் சாட்சியாக வைத்தார்.

இந்த இடத்தில் அவரோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சையை அழித்த ஃபில்லாக்செரா என்னும் வேர்ப்பேன், நல்ல எரு கண்ட தோட்டத்தையும் விடவில்லை. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். மண்வளம் பெரிய காவல்தான். ஆனால் எல்லாப் பூட்டுக்கும் அதுவே சாவி ஆகாது.

இன்று உயிராற்றல் முறையில் ஒயின் தயாரிப்பவர்கள் முன்னோடியாகக் கருதுவது ருடால்ஃப் ஸ்டெய்னரை. மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைக்கும் முறையை அவர் விளக்கியது 1924-ல், அன்றைய ஜெர்மனியின் கோபர்விட்ஸ் கிராமத்தில். அதே 1924-ல்தான் ஹோவர்ட் இந்தூரில் 300 ஏக்கரில் புதிய ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். ஸ்டெய்னர் வழியினர் சொன்ன விளக்கங்கள் பின்னாளில் அவருக்கு நிறைவு தரவில்லை. கொம்பு, கிரகம் என்று போகாமல் குப்பைக் குழியிலேயே நின்றார்.

நம் ஊரில் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவதை வைத்து எப்படி நிலத்தை நிரப்புவது? இதுதான் அவர் முன் நின்ற கேள்வி. மூன்று பங்கு செடிக்கழிவுக்கு ஒரு பங்கு சாணம் போதும் என்று கணக்கிட்டார். பருத்தி மார் போன்ற கடினக் கழிவை வண்டி போகும் பாதையில் போட்டு நசுக்கினார். கோமியம் ஊறிய தொழுவ மண்ணை உரத்துக்கு உயிர் என்று மதித்தார். சாம்பலும் கொஞ்சம் சேரும். இரண்டடி ஆழக் குழியில் அடுக்கி, மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் உரம். உடன் உழைத்தவர் ஒய்.டி.வாட். இருவர் பெயரிலும் 1931-ல் இந்தூர் முறை புத்தகமாக வந்தது. அதைப் பார்க்க கேப்ரியல் இல்லை, 1930-லேயே காலமாகிவிட்டார்.

ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய ஹோவர்டுக்கு 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. ரசாயன உர ஆதரவாளர்களோடு கடைசிவரை வாதிட்டார். 1940-ல் வந்த அவரது நூல் இயற்கை விவசாயிகளுக்கு இன்றும் பால பாடம். 1947 அக்டோபர் 20-ல், இந்தியா விடுதலை அடைந்த இரண்டே மாதத்தில், மறைந்தார்.

வடகிழக்குப் பருவமழை கொட்டும் காஞ்சிபுரம் பக்கத்துக்கு அவர் முறையில் ஒரு குறிப்பு உண்டு. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கினால் காற்று போகாமல் கழிவு அழுகி நாறும். அதனால் இந்தூரில் மழை வந்ததும் குழியை விட்டு, மேட்டில் குவியலாகவே அடுக்கினார்கள்.