வீட்டுக்கு வைத்த பெயர்

உ.வே. சாமிநாதையர் என்றதும் ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த தமிழ்த் தாத்தாவே நம் கண்முன் நிற்பார். அவர் உடன் உழைத்தோரை மதிக்கத் தெரிந்த கல்லூரி ஆசிரியரும் ஆவார். அதைப் பற்றியே சில சொல்ல விழைகிறேன்.

1855 பிப்ரவரி 19 அன்று பிறந்த அவர், 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். அதே ஆசிரியரின் மூத்த மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர். 1880-ல் பணியிலிருந்து விலகும்போது, தம் இடத்துக்குத் தகுந்தவர் சாமிநாதையரே என்று கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் எடுத்துச் சொன்னார். பட்டம் எதுவும் பெறாத இருபத்தைந்து வயது இளைஞருக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. ஒருவருடைய திறமையை மேலிடத்தில் எடுத்துரைப்பதைவிடப் பெரிய பாராட்டு உண்டோ?

பெற்ற நன்மையை அவர் பிறருக்கும் செய்தார். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க (1887) சமண நெறி புரியவேண்டியிருந்தது. கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். மணிமேகலைக்கு (1898) உடன் பணியாற்றிய ரங்காசாரியார் பௌத்தக் கருத்துக்களை விளக்கினார். இவ்வுதவிகளை மறைத்து, எல்லாம் தாமே கண்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. சுவடி தந்தவர், ஐயம் தீர்த்தவர் என எல்லோரையும் பெயர் சொல்லி எழுதி வைத்தார். சென்னைக்கு மாறியபின், திருவல்லிக்கேணி வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். செட்டியார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் நன்றி மறையவில்லை. அவ்வீடு 2012-ல் இடிக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1924 முதல் 1927 வரை, நமக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வராகவும் இருந்தார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1942 ஏப்ரல் 28 அன்று இயற்கை எய்தினார்.

இவர் வரலாறு என்னைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் மீன் கூடை சுமப்பவர். இருபது ஆண்டு உழைப்புக்குக் கூலி வந்தது. நன்றாகச் செய்தீர் என்று வேலை கொடுத்தவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை சொல்லியிருந்தால் அன்றிரவு அவர் நிம்மதியாகச் சோறு உண்டிருப்பார். அந்தச் சொல்லுக்குச் செலவு ஒன்றுமில்லை.

தேவனாம்பட்டினத்தில் கடற்காற்று வீசும் நம் கல்லூரியிலும் அப்படிச் சிலர் உண்டு. நாம் செய்முறைத் தேர்வுக்கு நுழையுமுன்பே சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கி வைக்கிறார் ஆய்வக உதவியாளர். மதிப்பெண் நமக்கு, அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அடுத்த ஆண்டு நாம் எழுதப்போகும் திட்ட ஏட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்களின் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் இருக்கும். அங்கே அவர் பெயரை எழுதுவோம், நண்பர்களே! எழுதியதை அவரிடமே காட்டுவோம்.