கற்பனை வழி நடந்த கவிஞர்

பொருநை வளம் சுரக்கும் நெல்லைச் சீமையில், கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் வைணவ வேளாளர் குடியில் தோன்றியவர் கிருஷ்ண பிள்ளை. தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆதலின் இலக்கணப் பயிற்சியும் இராம காதைச் சுவையும் மைந்தருக்கு இளமையிலேயே வாய்த்தன. ஆசாரம் வழுவாத வைணவ இல்லத்தில் வளர்ந்த அவ்விளைஞர் பின்னாளில் கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றப்படுவார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

1853ஆம் ஆண்டில் அவர் சாயர்புரத்தில் கிறிஸ்தவத் தொண்டர்கள் நடத்திய கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பதவியை ஈட்டித் தந்தது அவரது தமிழ்ப் புலமையே. அந்நாளில் அவருக்குக் கிறிஸ்து சமயத்தின்பால் பற்றில்லை. ஆயினும் இளையவர் முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் அந்நெறியைத் தழுவியபோது, தாம் இதுகாறும் தள்ளி வைத்திருந்த வினாக்களை அவர் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. நெடிய உள்ளப் போராட்டத்தின் முடிவில், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், சென்னை மயிலாப்பூர்த் தூய தோமையார் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்ஃபிரட் என்பது அவர் ஏற்ற புதுப்பெயர். கிருஷ்ண பிள்ளை என்னும் பழம்பெயரையும் அவர் களைந்துவிடவில்லை.

நியம நிட்டைகளோடு வளர்ந்த ஒருவர் அருளினாலேயே மீட்பு என்று உரைக்கும் நெறிக்கு வருங்கால் ஒரு வினா தவிராது எழும். மீட்பு விலையின்றிக் கிடைக்குமாயின் இறைவனின் கற்பனைகளைக் கைக்கொள்வது எதற்காக? பாவலர்க்குக் கற்பனை என்பது புனைந்துரைக்கும் ஆற்றல்; தமிழ் விவிலியத்திலோ கற்பனை என்பது கட்டளை. இவ்விரு கற்பனைகளும் கிருஷ்ண பிள்ளையிடம் ஒன்றுகூடிய இடமே இரட்சணிய யாத்திரிகம்.

பெட்ஃபோர்டுச் சிறையில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் அடைபட்டிருந்த ஜான் பன்யன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவியது இக்காப்பியம். அக்கதையில், முதுகில் பாவச் சுமையோடு புறப்படும் பயணி ஒருவன், தீய அறிவுரை கேட்டு, நியாயப்பிரமாண மலையின் பக்கம் திரும்புகிறான். கற்பனைகளைக் கைக்கொண்டே சுமையை இறக்கிவிடலாம் என்பது அவனுக்கு ஊட்டப்பட்ட நம்பிக்கை. நெருங்க நெருங்க மலை தலைமேல் சரிவதுபோல் அச்சுறுத்துகிறது. சுமையோ முன்னினும் கனக்கிறது. பின்பு சிலுவையடியை அடைந்தபோது, அவன் முயற்சி யாதுமின்றிச் சுமை தானே கழன்று விழுகிறது.

கதை அங்கே முடியவில்லை என்பது கருதத்தக்கது. சுமை இறங்கிய இடம் பயணத்தின் தொடக்கப் பகுதியே ஆகும். அதன் பின்னரே செங்குத்தான குன்றும், தாழ்மைப் பள்ளத்தாக்கும், மாயச் சந்தையும், இறுதியில் ஆழ்ந்த ஆறும் உள்ளன. ஓரிடத்தில் வழி கரடுமுரடாக இருக்கக் கண்டு, அயலிலுள்ள புல்வெளி இதமாய்த் தோன்ற, பயணியும் துணைவனும் வேலி தாண்டுகின்றனர். அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகின்றனர். சுமை இறக்குவதற்கு உதவாத கற்பனை, சுமை இறங்கியவன் வழி தவறாதிருக்க உதவுகிறது. மீட்புக்குரிய விலையாக அதனைச் செலுத்த இயலாது. மீட்கப்பட்டவன் நன்றியோடு நடக்கும் நடையாகவே அது அமையும்.

வைணவத்தில் வளர்ந்தவருக்கு இவ்வுண்மை அயலானதன்று. சரணாகதி அடைந்தவன் செய்யும் கைங்கரியம் அருளை வாங்கும் பொருட்டன்று. அருள் பெற்றவனின் இயல்பே அது என்பது வைணவ ஆசாரியர் கொள்கை. கடவுளை முழுமனத்தோடு நேசிப்பதும் பிறனைத் தன்னைப்போல் நேசிப்பதுமே கற்பனைகளின் சாரம் என்று இயேசு பெருமான் உரைத்ததும் இதனோடு இயைவதே. அன்பு முந்தினால் கட்டளை சுமையாவதில்லை.

கிருஷ்ண பிள்ளையின் வாழ்வும் இவ்வாறே சென்றது. தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகவும், பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழாசிரியராகவும் உழைத்தார். திருமுழுக்கோடு எல்லாம் நிறைவுற்றது என்று அவர் அமர்ந்துவிடவில்லை. நற்போதகம் இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்த காப்பியம், 3,700க்கும் மேற்பட்ட பாடல்களோடு, ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக விரிந்து, 1894இல் நூலாயிற்று. திருமுழுக்குக்கும் இந்நூலுக்கும் இடையே 36 ஆண்டுகள். கம்பனிடம் பயின்ற விருத்த நடையைக் கிறிஸ்துவின் பாடுகளைப் பாடப் பயன்படுத்தினார். குடிவழி பெற்ற தமிழை விட்டு நீங்காமலே புதிய நெறியில் நின்றார். 1898இல் இரட்சணிய சமய நிர்ணயமும் 1899இல் இரட்சணிய மனோகரமும் வெளிவந்தன. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர்தம் பயணம் நிறைவுற்றது.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டு ஒண்டிக்கடைக்கு ஏறி வருவோர், கிருஷ்ண பிள்ளை கண்ட உண்மையை எளிதில் உணர்வர். மலைப்பாதையில் வளைவுகள் இருப்பது ஏறுவோரை வருத்துவதற்காக அன்று. நேரே ஏற இயலாத சரிவை ஏறத்தக்கதாக்குவதற்கே. வளைவை வெறுத்துக் குறுக்கே இறங்குபவனுக்குப் பள்ளமே மிஞ்சும். வளைவுகள் மலையைத் தோற்றுவிப்பதில்லை. மலையுச்சியை விலைக்குத் தருவதுமில்லை. வருமாறு அழைக்கப்பட்டவனை அவை பத்திரமாகக் கொண்டு சேர்க்கின்றன.