தராசு தாங்கிய வைத்தியர் பியேர் பூடின்

காவிரியும் பவானியும் கலக்கும் பவானி நகரிலே ஜமக்காளம் நெய்வோர், பாவில் ஓரிழை அறுந்தால் அக்கணமே கண்டு முடிந்துவிடுவர். காணாது விடின், அக்குறை துணி நெடுகிலும் ஓடும். குறைமாதத்திற் பிறந்த சிசுவின் வளர்ச்சியும் அத்தன்மையதே. அதனிற் குறை நேர்ந்தவுடன் கண்டறியும் வழியை உலகிற்கு நிலைநாட்டிய பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டு சுருங்கக் கூறுவோம்.

பியேர் பூடின் 1846-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தார். பாரிஸ் மாநகரில் வைத்தியம் பயின்று, பிரசவ வைத்தியத்திற் பெயர்பெற்ற தார்னியே என்பாரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். கோழிமுட்டைகளைப் பொரிக்கவைக்கும் வெப்பப்பெட்டியைக் கண்ட தார்னியே, அதுபோன்றதொன்றைச் சிசுக்களுக்கென அமைப்பித்து, 1880-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் பிரசவ வைத்தியசாலையில் வழங்கச் செய்தார். அதன் பயனாக, 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தோருள் நூற்றுக்கு 66 பேர் மாண்ட நிலை மாறி, 38 ஆகக் குறைந்தது.

ஆயினும், வெப்பம் உயிரைக் காக்குமேயன்றி வளர்ச்சியைத் தாராது என்பதைப் பூடின் நன்குணர்ந்தார். 1895-ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலையின் தலைமை ஏற்று, மெலிந்த சிசுக்களின் பிரிவைத் தம் பார்வையிற் கொண்டார். உடற்சூடு, பாலூட்டல், நோய் ஆகிய மூன்றையுமே அவர் முக்கியமாகக் கருதினார். சிசுக்களைத் தராசிலிட்டு, கண்ட எடையைக் கோடாக வரைந்து வந்தார். கோடு ஏறின் பால் போதியது; தாழின், பாலின் அளவிலோ உடலிலோ பிழையுண்டு. பேச்சறியாச் சிசுவின் முறையீட்டை அக்கோடே எடுத்துரைத்தது. தாயரைப் பிரித்துவைத்தல் தகாதென்று கண்டு, அவர்களை அருகிருந்து பாலூட்டவும் தூண்டினார்.

வீடு திரும்பிய குழந்தைகளையும் அவர் மறந்தாரல்லர். 1892-ஆம் ஆண்டிலேயே ஷாரித்தே வைத்தியசாலையில், தாயர் தம் மக்களை முறையாகக் கொணர்ந்து நிறுத்துக்காட்டும் ஆலோசனைச்சாலையை நிறுவியிருந்தார். 1900-ஆம் ஆண்டில் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1902-ஆம் ஆண்டில் சிசுமரணத்தைத் தடுக்கும் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராயினார். 1907-ஆம் ஆண்டில், அறுபதாம் வயதில், மார்சேய் நகரில் உயிர்நீத்தார்.

அவர் காலத்தில் இல்லாத கருவிகள் பல இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உள்ளன. எடையோடு வாரந்தோறும் நீளமும் தலைச்சுற்றளவும் அளக்கப்படுகின்றன. தலையின் வளர்ச்சி மூளையின் வளர்ச்சியை ஒருவாறு உணர்த்தும். ஒப்புநோக்குதற்கு ஃபென்டன் வரைபடமும், நாகபுரிச் சிசுக்களையும் உட்கொண்டு பல நாடுகளில் ஆராய்ந்து வகுத்த இன்டர்குரோத் அளவைகளும் உள.

எனினும் அளப்பவர் கை தவறின் இவற்றாற் பயனென்னை? ஒரு கிலோ எடையுள்ள சிசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம் கூடவேண்டும். ஈரத்துணியொன்று 30 கிராம் கனத்தால், இருநாள் வளர்ச்சி பொய்யாகவே தோன்றும். மெலியும் சிசு தேறியதாய் எண்ணப்பட்டு, வேண்டிய பால் பெறாதொழியும். ஆகலின், தராசைப் பூஜ்யத்தில் நிறுத்துதலும், ஒரே தராசில் ஒரே வேளையில் ஆடையின்றி நிறுத்தலும், உடலிற் பொருத்திய குழாய்களின் கனத்தைக் கழித்தலும் இன்றியமையாதன. நீளத்தை நாடாவால் ஒருவர் அளத்தல் போதாது; அளவுப்பலகையில் ஒருவர் தலையையும் மற்றவர் காலையும் பிடித்தே அளத்தல் வேண்டும். கண்ட எண்ணை ஏட்டிற் குறித்ததோடு அமையாது, வரைபடத்திலும் அன்றே பதித்தல் வேண்டும்.

நம் மாணாக்கருட் சிலர் நாளை வைத்தியராகவும் தாதியராகவும் பணிபுரியக்கூடும். நள்ளிரவில் அயர்ந்த கண்ணுடன் தராசின்முன் நிற்குங்கால், நேற்றைய எண்ணையே மீண்டும் எழுதிவிட மனம் அவாவும். அப்பொழுது பூடினை நினைப்பாராக. மீண்டும் ஒருமுறை நிறுப்பாராக.