கையெழுத்திட மறுத்த அரசர்



1990-ம் ஆண்டு தவசுக்காலத்திலே, பரிசுத்த வாரத்துக்கு முந்திய வாரத்தில், ஐரோப்பாவில் ஒரு கத்தோலிக்க அரசர் ஏறக்குறைய ஒன்றரை நாள் அரசராக இல்லாதிருந்தார். யுத்தமில்லை, கலகமில்லை, வியாதியுமில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றார், அவ்வளவே. பெல்ஜியம் தேசத்து அரசர் பௌதுவேன் என்பவரைக் குறித்துச் சொல்லுகிறோம். பெரியவர்களில் சிலருக்கு அவர் பெயர் நினைவிருக்கும், பிள்ளைகளுக்குத் தெரிந்திராது.

அரண்மனையில் பிறந்தவருக்குக் குறையேது என்று நினைப்பீர்கள். 1930 செப்டம்பர் 7-ந் தேதி பிறந்த இக்குழந்தைக்கு ஐந்து வயது நிறையுமுன்னே, தாயார் ஆஸ்திரிட் அரசி சுவிட்சர்லாந்தில் மோட்டார் விபத்தில் மாண்டார். காரை ஓட்டியவர் தகப்பனாராகிய மூன்றாம் லெயோபோல்டு அரசரே. 1940-ல் ஜெர்மன் சேனை தேசத்துக்குள் புகுந்தது. தகப்பனார் சரணடைந்து கைதியானார். 1944-ல் பிள்ளைகளையும் ஜெர்மனிக்கும் பின்பு ஆஸ்திரியாவுக்கும் கொண்டுபோனார்கள். மறு வருஷம் அமெரிக்கச் சேனை வந்துதான் விடுதலை கிடைத்தது.

விடுதலைக்குப் பிறகும் வீடு திரும்ப முடியவில்லை. யுத்த காலத்தில் அரசர் நடந்துகொண்ட விதம் சரியல்லவென்று ஜனங்களில் ஒரு பாதி கோபங்கொண்டிருந்தது. 1950-ல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் நூற்றுக்கு 57 பேருக்குமேல் அவர் திரும்பிவர இசைந்தார்கள். ஆனால் அவர் வந்து சேர்ந்ததும் வேலைநிறுத்தமும் கலவரமும் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் சிலர் இறந்தார்கள். தேசம் இரண்டாகிவிடாதபடி தகப்பனார் மகனுக்கு வழிவிட்டார். 1951 ஜூலை 17-ந் தேதி, இருபது வயதில், சிரிப்பறியாத அந்த வாலிபர் அரசியல் சட்டத்தைக் காப்பதாகப் பிரமாணம் செய்தார். வாசகரே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசன் ஒருவன் பார்லிமெண்டோடும் ஜனங்களோடும் மல்லுக்கு நின்றால் என்ன நேரிடும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டிருந்தார்.

அவர் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. 1960-ல் காங்கோ தேசம் விடுதலையடைந்த நாளிலே, அந்த ஜனங்களைக் கொடுமையாய் நடத்திய இரண்டாம் லெயோபோல்டைப் புகழ்ந்து பேசினார். அது இன்றும் அவர்மேல் சொல்லப்படும் குற்றம், நியாயமான குற்றந்தான்.

அவ்வருஷம் டிசம்பர் மாதம் ஸ்பெயின் தேசத்துப் பெண்மணி பபியோலாவை விவாகம் செய்தார். பிள்ளைக்காக இருவரும் ஏங்கினார்கள். ஐந்து தடவை கர்ப்பமுண்டாகியும் ஒரு குழந்தையும் உயிரோடு பிறக்கவில்லை. இந்தத் துயரம் எப்படிப்பட்டதென்று நம் பங்கிலும் சில வீடுகளுக்குத் தெரியும். தங்களுக்குப் பிள்ளையில்லாததால் எல்லாப் பிள்ளைகளையும் நேசிக்க மனம் விரிந்ததென்று அந்த அரசர் பிற்காலத்தில் சொன்னதுண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். பெல்ஜியத்தில் 1867-ம் வருஷத்துக் குற்றச் சட்டம் கர்ப்பச் சிதைவைத் தண்டித்து வந்தது. 1973-ல் ஒரு டாக்டர் கைதானது முதல் அச்சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென்ற வாதம் வலுத்தது. சோஷலிஸ்டு கட்சியைச் சேர்ந்த லல்லமாண்டு என்பவரும் லிபரல் கட்சியைச் சேர்ந்த திருமதி மிஷியெல்ஸென்ஸ் என்பவரும் கொண்டுவந்த மசோதா, துன்பநிலையிலுள்ள பெண் 12 வாரத்துக்குள் கருவைக் கலைக்கலாம் என்று இடங்கொடுத்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியார் எதிர்த்து ஓட்டளித்தும், 1990 மார்ச் 29-ந் தேதி அது பார்லிமெண்டில் நிறைவேறியது. மீதியிருந்தது அரசர் கையெழுத்து.

அந்தத் தேசத்து முறைப்படி, அரசர் கையெழுத்திட்டு ஒரு மந்திரியும் உடன் கையெழுத்திட்டாலே மசோதா சட்டமாகும். ஆனால் கையெழுத்திட மறுக்கும் உரிமை ஏட்டில் மட்டும் உண்டு, வழக்கத்தில் இல்லை. மறுநாள் அரசர் பிரதம மந்திரி மார்ட்டென்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். இதில் கையெழுத்திட்டால் தாமும் ஒருவகையில் இதற்கு உடந்தையாவதாகவும், மனச்சாட்சியின் சுதந்திரம் எல்லாருக்கும் உண்டு, அரசனுக்கு மட்டும் இல்லையா என்றும் கேட்டிருந்தார். ஆயினும் பார்லிமெண்டின் தீர்மானத்தைத் தடுக்கத் தமக்கு எண்ணமில்லை. தம் மனச்சாட்சியும் கெடாமல் ஜனநாயகமும் தடைப்படாமல் ஒரு வழியைச் சட்டப்படி காணவேண்டும் என்றார்.

மந்திரிகள் கண்ட வழி வினோதமானது. அரசர் ஆளமுடியாத நிலைக்கு வந்தால் மந்திரிசபையே அவர் அதிகாரத்தை நடத்தலாமென்று அரசியல் சட்டத்தின் 82-வது பிரிவு சொல்லியது. 1940-ல் தகப்பனார் சத்துருவின் கையில் கைதியானபோது இதே பிரிவைக் கொண்டே அவரை ஆளமுடியாதவரென்று அறிவித்தார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பின் மகனையும் அப்படியே அறிவித்தார்கள். இம்முறை அவரைக் கட்டியிருந்தது அவர் மனச்சாட்சி. ஏப்ரல் 3-ந் தேதியிட்ட சட்டத்தில் மந்திரிகள் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். எதிர்த்து ஓட்டளித்த கட்சியின் மந்திரிகளும் அதில் அடக்கம். 5-ந் தேதி இரு சபைகளும் கூடி, 245 பேர் ஆதரவாகவும் 93 பேர் நடுநிலையாகவும் நின்று, எதிர் ஓட்டு ஒன்றுமின்றி அவரைத் திரும்ப அரசராக்கின.

இது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கக்கூடும். அக்காலத்திலேயே கேட்டார்கள். அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசனுக்கு சொந்த அபிப்பிராயம் ஏது என்றார்கள் ஒரு சாரார். சட்டம் எப்படியும் வந்துவிட்டதே, கைகழுவினதுதானே மிச்சம் என்றார்கள் மறு சாரார். இரண்டாவது கேள்வி நம்மையும் உறுத்துகிறது. அவரால் ஒரு குழந்தையும் அந்தச் சட்டத்தினின்று காப்பாற்றப்படவில்லை என்பது மெய். ஆனால் பிலாத்து கைகழுவினது தன் ஆசனத்தை இழக்காதபடிக்கு. இவரோ ஆசனத்தை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். சபைகள் திரும்ப அழைக்காமலும் இருந்திருக்கலாம். பிறர் ஓட்டுரிமையை அவர் பறிக்கவில்லை, தம் கையையும் கொடுக்கவில்லை. இதற்கு மிஞ்சி ஒரு அரசன் செய்யக்கூடியது என்னவென்று நமக்குத் தோன்றவில்லை.

மூன்று வருஷத்துக்குப் பின், 1993 ஜூலை 31-ந் தேதி, ஸ்பெயினில் மோத்ரில் என்ற ஊரில் இருதயம் நின்று திடீரென இறந்தார். அடக்கப் பூசைக்கு அரசி கறுப்பு உடுத்தாமல் வெள்ளை உடுத்தி வந்தார். வஞ்சகமாய் விற்கப்பட்டு விபசாரத்தில் தள்ளப்பட்ட பெண்களை அவர் நேரில் கண்டு விசாரித்ததுண்டு. அவர்களில் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பெண் ஒருத்தி, அரசர்களும் ஜனாதிபதிகளும் அமர்ந்திருந்த அந்தக் கோவிலில் எழுந்து நின்று அவருக்காகப் பேசினாள்.

லாக்கன் என்ற இடத்தில் தேவமாதா கோவிலின் நிலவறையில் அவர் கல்லறை இருக்கிறது. 2024 செப்டம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்து ஜெபித்தார். மறுநாள், இந்த அரசரின் பெயர் கொண்ட விளையாட்டரங்கில் பூசை செய்து, அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்துவதற்கான விசாரணையைத் தொடங்கப்போவதாக அறிவித்தார். அவ்வருஷம் டிசம்பரில் ரோமையில் அந்த விசாரணை தொடங்கியது.